போப் என்று தேடினால்: ஆக்ஸ்ஃபோர்டு வாழ்க்கை வரலாற்று அகராதி எப்படி இருக்கிறது?

இங்கிலாந்தில் குடியிருக்கும் நம்மவர்கள் பலரிடம் உள்ளூர் நூலக அட்டை இருக்கும். பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் எடுப்பதற்காக வாங்கியது, பர்ஸில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். அந்த அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து வீட்டிலிருந்தபடியே ஆக்ஸ்ஃபோர்டு தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்குள் காசில்லாமல் நுழையலாம். இங்குள்ள பெரும்பாலான பொது நூலகங்கள் இதற்குச் சந்தா கட்டி வைத்திருக்கின்றன, ஆனால் யாரும் விளம்பரம் செய்வதில்லை. 2004-ல் 60 தொகுதிகளாக அச்சில் வந்தபோது ஒரு செட்டின் விலை 7,500 பவுண்டு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். இப்போது இணையத்தில் அது இன்னும் வளர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இதன் பழைய வடிவத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜார்ஜ் ஸ்மித் என்ற லண்டன் பதிப்பாளர் சொந்தப் பணத்தைக் கொட்டி ஆரம்பித்தது. முதல் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன், எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் அப்பா. 1885-லிருந்து 1900 வரை 63 தொகுதிகள். அதில் இடம்பெற்ற ஒருவரைக்கூட விடாமல் புதிய பதிப்பிலும் வைத்திருக்கிறார்கள், கட்டுரைகளை மட்டும் திருத்தியோ புதிதாகவோ எழுதியிருக்கிறார்கள். ஆகவே விக்டோரியா காலத்தில் யாரோ முக்கியமானவர் என்று நினைத்து, இன்று ஒருவருக்கும் ஞாபகமில்லாத ஆட்கள் ஏராளம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சேவையை எல்லோரும் பயன்படுத்துவதுபோல, தெரிந்த ஒருவர் பெயரைத் தட்டிப் படித்துவிட்டு மூடினால் பெரிதாக ஒன்றும் லாபமில்லை, அதற்கு விக்கிப்பீடியாவே போதும். குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள். அந்தப் பெயரில் நானூறு ஐநூறு வருடங்களாக இந்த நாட்டில் புழங்கியவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒருவருக்கொருவர் பெரும்பாலும் எந்த உறவும் கிடையாது, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் படிக்கும்போது ஏதாவது ஒன்று பிடிபடும்.

நான் போட்ட பெயர் போப். காரணம் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஜி.யு. போப் என்று படித்தவர், மெரினாவில் 1968-ல் வைத்த சிலைகளில் ஒருவராக நிற்பவர், திருக்குறளை 1886-லும் நாலடியாரை 1893-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜார்ஜ் உக்ளோ போப். ஒரு எச்சரிக்கை: பொதுத் தேடல் பெட்டியில் போப் என்று போட்டால் ரோமாபுரிப் போப்பாண்டவரோடு சண்டை போட்ட ராஜாக்கள், பிஷப்புகள், போப்பாண்டவர் ஆன ஒரே ஆங்கிலேயரான நிக்கோலஸ் பிரேக்ஸ்பியர் என்று எல்லாரும் வந்து குவிந்துவிடுவார்கள். ஆட்களின் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் தேடுங்கள்.

நம்ம போப் 1820-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது, 1839-ல் பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளர். இதெல்லாம் நமக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரியாதது அவருக்குச் சில பெயர்கள் தள்ளி இருக்கிறது: வில்லியம் பர்ட் போப், 1822-ல் பிறந்தவர், மெதடிஸ்ட் சபையின் பெரிய இறையியலாளர், மூன்று தொகுதிகளில் கிறிஸ்தவ இறையியல் எழுதியவர். நம்ம போப்பின் கூடப் பிறந்த தம்பி. அந்தச் சபைக்காரர்களிடம் போய் போப் என்று சொன்னால் அவர்களுக்குத் தம்பியைத்தான் தெரியும், அண்ணன் யார் என்று கேட்பார்கள். நாம் அண்ணனுக்குக் கடற்கரையில் சிலை வைத்திருக்கிறோம். இத்தனை வருடம் போப்பைப் பற்றித் தமிழில் எழுதியதைப் படித்திருக்கிறேன், தம்பியைப் பற்றி ஒரு வரிகூடப் பார்த்த ஞாபகம் இல்லை.

வரிசையில் மேலே போனால் சர் தாமஸ் போப். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்தபோது, அந்தச் சொத்தை நிர்வகித்த அலுவலகத்தின் பொருளாளர். அதில் அவரும் நன்றாகவே சேர்த்துக்கொண்டார். ஹென்றியைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்துச் சிறைப்பட்ட அறிஞர் சர் தாமஸ் மோரின் நண்பர், 1535-ல் மோருக்கு மரண தண்டனை நாள் வந்துவிட்டது என்ற செய்தியை லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். மேரி ராணி காலத்தில் 1555-ல் ஆக்ஸ்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியை ஆரம்பித்தார். அந்தக் கல்லூரிக்கு அடுத்த மதில் பேலியல் கல்லூரி, நம்ம ஜி.யு. போப் கடைசிக் காலத்தில் கல்லூரி ஆலயத்தின் குருவாக இருந்த இடம். முன்னூற்றுச் சொச்சம் வருட இடைவெளியில் இரண்டு போப்கள் பக்கத்துப் பக்கத்து வளாகத்தில். பிராட் தெருவில் இறங்கினால் இரண்டு வாசலையும் பார்த்துவிடலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர்களுக்கு இன்னொன்று. ஜி.யு. போப்பின் கல்லறை வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அதில் எழுதியிருப்பதாக மேடைக்கு மேடை சொல்கிறோமே, அப்படி ஒரு வரி அந்தக் கல்லில் கிடையாது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் என்ற செய்திதான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுவே அதைவிட மேல். ஊரிலிருந்து நண்பர்கள் காசு சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ஆளுக்குக் கல் வைத்தார்கள் என்பது சின்ன விஷயமா?

அலெக்சாண்டர் போப்பைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. 1688-ல் பிறந்து 1744-ல் இறந்த கவிஞர், நாலரை அடி உயரம், முதுகெலும்பில் காசநோய், கத்தோலிக்கர் என்பதால் லண்டனுக்குப் பத்து மைலுக்குள் வசிக்கக் கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து அப்பா குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போனது, ஹோமரை மொழிபெயர்த்து, முன்கூட்டியே சந்தா வாங்கிப் புத்தகம் விற்றுப் பணக்காரர் ஆனது, ட்விக்கன்ஹாமில் வீட்டுக்கு அடியில் குகை வெட்டியது எல்லாம் நீளமான கட்டுரையில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு அலெக்சாண்டர் போப் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அயர்லாந்தின் கார்க் நகரத்தில் பிறந்த நடிகர், 1835-ல் இறந்தவர். ஓவியமும் வரைவார். அவருடைய மனைவிகளில் ஒருவர் கிளாரா மரியா போப், பூக்களையும் செடிகளையும் வரைவதில் கெட்டிக்காரர். அதே காலத்தில் ட்ரூரி லேன் நாடக அரங்கில் ஜேன் போப் என்ற நடிகையும் கொடிகட்டிப் பறந்தார். கவிஞரின் பெயரைச் சுமந்துகொண்டு மேடை ஏறுவது எப்படி இருந்திருக்கும்! நம்மூரில் பாரதி என்று பெயர் வைத்துக்கொண்டு கவியரங்கத்துக்குப் போவதுபோல.

பெயர் வரிசையில் படிப்பதன் பலன் எனக்கு முழுதாகப் புரிந்தது முதல் உலகப் போர்க்காலத்துக்கு வந்தபோதுதான். ஜெஸ்ஸி போப் என்று ஒரு அம்மா, 1868-லிருந்து 1941 வரை வாழ்ந்தவர். பையன்களே வாருங்கள், போருக்குக் கிளம்புங்கள் என்று பத்திரிகைகளில் துள்ளலாகப் பாட்டு எழுதித் தள்ளியவர். விஷவாயுவில் மூச்சுத்திணறிச் சாகும் ஒரு சிப்பாயைப் பற்றி வில்ஃப்ரெட் ஓவன் எழுதிய கவிதையின் கைப்பிரதியில் 'ஜெஸ்ஸி போப்புக்கு' என்று சமர்ப்பணம் இருக்கிறது, பின்னால் அடித்துவிட்டார். பெயர் போனாலும் கவிதையில் 'என் தோழியே' என்று விளிப்பது அவரைத்தான். இந்தப் பக்கம் அதே காலத்தில் சர் வில்லியம் ஜாக்சன் போப், கேம்பிரிட்ஜில் 1908 முதல் வேதியியல் பேராசிரியர். கரி அணு மையமாக இல்லாத சேர்மங்களும் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் என்று நைட்ரஜன், கந்தகம், வெள்ளீயம் என ஒவ்வொன்றாகச் செய்து காட்டிய பெரிய ஆள். போர் வந்ததும் கடுகு வாயுவை வேகமாகத் தயாரிக்க வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். ஓவன் கவிதையில் வருவது அவருடைய வாயு அல்ல, அது ஜெர்மன்காரர்கள் வீசியது. இருந்தாலும் ஒரு போப் பையன்களைக் கூப்பிட, இன்னொரு போப் வாயு தயாரிக்க, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். தனித்தனியாகப் படித்திருந்தால் இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்திருக்கவே மாட்டேன்.

அந்தக் கசப்புக்கு மாற்றாக மில்ட்ரெட் போப் இருக்கிறார், 1872-ல் பிறந்தவர். நார்மன்கள் வந்த பிறகு இங்கிலாந்தில் பேசிய பிரெஞ்சைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்குப் பட்டமே கொடுக்காத காலத்தில் படித்து, சாமர்வில் கல்லூரியில் பாடம் நடத்தி, பிறகு மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனவர்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எழுதியவர் பெயர் இருக்கும், எந்த ஆவணத்திலிருந்து எடுத்தார்கள், காகிதங்கள் எந்த நூலகத்தில் இருக்கின்றன, உருவப்படம் எங்கே என்ற விவரம் வரும். கடைசியில் 'இறந்தபோது சொத்து' என்று ஒரு வரி, உயில் பதிவில் இருந்து எடுத்து பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் வரை. இதுதான் எனக்குப் போதை ஏற்றும் பகுதி. புரவலர் வீட்டில் சாப்பிட்டே காலம் தள்ளியவர், கடனோடு போனவர், ஏழை மாதிரி வாழ்ந்து மூட்டை கட்டி வைத்தவர் எல்லாரும் அந்த ஒரு வரியில் மாட்டிக்கொள்வார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் யாரும் கிடையாது. 2024 ஜனவரியில் ஹைதராபாத் டெஸ்டில் 196 அடித்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாரே ஆலி போப், அவரைத் தேடினால் வரமாட்டார். நியூகாஸில் கோல்கீப்பர் நிக் போப்பும் அப்படித்தான். அமெரிக்கக் கிளையும் இருக்காது: உள்நாட்டுப் போரில் 1862-ல் இரண்டாம் புல் ரன்னில் தோற்ற தளபதி ஜான் போப், வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவகத்தை வடிவமைத்த ஜான் ரஸ்ஸல் போப் எல்லாம் வேண்டுமென்றால் விக்கிப்பீடியாவில் இந்தக் குடும்பப் பெயருக்கென்று இருக்கும் பட்டியல் பக்கத்துக்குத்தான் போகவேண்டும். அந்தப் பட்டியல் ஆளுக்கு ஒரு வரியோடு முடிந்துவிடும், ஆனால் யாரையும் விடாது. இரண்டையும் இரண்டு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

ஆங்கில நடையும் கொஞ்சம் கடினம். ஆரம்பப் பத்தி முழுக்க அப்பா பெயர், அம்மா பெயர், ஞானஸ்நானம் எடுத்த ஊர், பள்ளிக்கூடம் என்று ஓடும். அதைத் தாண்டிவிட்டால் சுகமாகப் போகும். 2004 பதிப்பில் பெண்கள் பத்தில் ஒரு பங்குதான், பழைய பதிப்பை விட இது இரட்டிப்பு என்று அவர்களே பெருமைப்பட்டுக்கொண்டது வேறு கதை.

என் உண்மையான வருத்தம் வேறு. சென்னையில் ஜி.யு. போப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இராமானுசக் கவிராயர், போப்பே அவரைத் தன் ஆசான் என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். கவிராயருக்கென்று தனிக் கட்டுரை இதில் இல்லை. பிரிட்டிஷ் தேசிய அகராதி, அதன் எல்லை அவ்வளவுதான் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாணவன் கிடைக்கும் இடத்தில் வாத்தியார் கிடைக்கவில்லை என்றால் கட்டுரை பாதிதான். அந்த மீதிப் பாதியை நாம்தான் எழுதவேண்டும்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்றே நூலக அட்டையைத் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் உறுப்பினர் ஆக ஒரு பைசா செலவில்லை. ஊரில் இருப்பவர்கள் தனிநபர் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், இந்த உபயோகத்துக்கு அது அதிகம். காப்புரிமை முடிந்த பழைய பதிப்பு விக்கிமூலத்தின் ஆங்கிலத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் 1912-ல் வந்த பிற்சேர்க்கைத் தொகுதியைத் திறந்தால் அண்ணன் போப்பும் தம்பி போப்பும் அடுத்தடுத்த பக்கங்களிலேயே கிடைப்பார்கள்.