கைப்பிரேக் நிற்காத பழைய மினி லாரி: கொண்டலாம்பட்டி பைபாஸ் பட்டறையில் செய்த வேலை

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்தில், பெரிய பெயர்ப்பலகை ஏதுமின்றி, பிரேக் வேலை மட்டும் எடுத்துச் செய்யும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் இறக்கப் பயன்படும் எங்கள் பழைய மினி லாரியின் கைப்பிரேக்கை அங்கேதான் சரிசெய்தோம். மலைப்பாதையில் பழைய வண்டி ஓட்டுபவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அங்கே நடந்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கைப்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தாலும், சுமையுடன் மேட்டில் நிறுத்தினால் வண்டி மெல்லப் பின்வாங்கியது. சமதளத்தில் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு சாலையில், எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட்டு நிற்கும்போதுதான் அது பயமாக மாறும். இதற்கு முன் காட்டிய பட்டறைகளில் கேபிளை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். சில நாள்கள் பிடிக்கும், பிறகு பழைய கதைதான். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், அதன் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கினால், கைப்பிரேக்கை விடுவித்த பிறகும் உள்ளே உள்ள நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதி இழுபட்டே நிற்கும். ஷூ உரசும், டிரம் சூடேறும், ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனரின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பாகும், அதனால் பிடிப்பு இன்னும் குறையும்.

இந்தப் பட்டறையின் மூத்த மெக்கானிக் முதலில் கேபிளைத் தொடவே இல்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு சக்கரங்களையும் தனித்தனியாகச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கம் இறுகி நின்றது. வலப்பக்கம் கையாலேயே சுற்றியது. கேபிள் தளர்ந்ததுதான் காரணம் என்றால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் தளர்ந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோதே, சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

வலப்பக்க டிரம்மைக் கழற்றியதும் லைனர் முழுவதும் எண்ணெயில் ஊறியிருந்தது தெரிந்தது. பின் ஆக்சிலுக்குள் (அச்சுக்குள்) இருக்கும் பல்சக்கரங்களுக்கான கிரவுன் ஆயில், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் வளையத்தைத் தாண்டிக் கசிந்திருந்தது. சீல் ஒன்றை மட்டும் மாற்றி வேலையை முடித்திருக்கலாம். பலர் அப்படித்தான் முடிப்பார்கள். இவரோ பின் ஆக்சில் ஹவுசிங்கின் (கூட்டின்) மேலே இருக்கும், காற்றை வெளியே விடும் சிறிய பிரீதரைக் கழற்றி, அது சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து அடைத்திருப்பதைக் காட்டினார். ஓட்டத்தில் எண்ணெய் சூடேறும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால், அந்த அழுத்தம் புதிய சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளிவிடும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் கைப்பிரேக் மீண்டும் கைவிடும் என்பதை, அவ்வளவு பெரிய வண்டியில் சுண்டுவிரல் அளவுள்ள அந்த உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விளக்கியதற்காகவே இந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

எண்ணெய் குடித்த லைனரை மண்ணெண்ணெயில் கழுவிப் போட முடியுமா என்று கேட்டேன். சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடியும் மேலே வரும் என்று மறுத்து, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புதிய லைனர் அடித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் கால்பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். டிரம்மைப் பல இடங்களில் அளந்து, கடைந்த பிறகும் அதில் வார்க்கப்பட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே லேத்துக்கு (கடைசல் எந்திரத்துக்கு) அனுப்பினார்கள். பழைய லைனர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் இருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் அரிதாகக் காணும் கவனம் இது. எல்லாம் பூட்டி, ஷூ இடைவெளியைச் சரிசெய்த பிறகே, உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்த கேபிளை மாற்றி, கடைசியாக அதன் நீளத்தைச் சீரமைத்தார்கள்.

காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் லாரிகளுக்கும் இங்கே வேலை நடக்கிறது. அவற்றின் கைப்பிரேக்கை இறுக்குவது, பிரேக்கை இயக்கும் சேம்பர் என்ற உருளைக்குள் இருக்கும் வலுவான ஸ்பிரிங். அதைப் போல்ட் போட்டுச் சுருக்கிக் கட்டாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் நின்ற லாரியில் அந்த ஒழுங்கைத் தவறாமல் பின்பற்றியதையும் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. சொந்த லேத் இல்லாததால் டிரம் வெளியே போய்த் திரும்பும்வரை வண்டி முடங்கிக் கிடக்கும். காலையில் விட்டு மாலையில் எடுத்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியாகக் கணக்கெழுதிய ரசீது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேபிள் இறுக்கும் வேலைக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு செலவாகிறது என்றாலும், செய்த வேலைக்கு அது அதிகம் என்று சொல்லமாட்டேன். எனக்கு உண்மையான மனக்குறை சோதனையில்தான். சுமையேற்றிய வண்டியைக் கைப்பிரேக் மட்டும் 18 விழுக்காடு சரிவில், அதாவது நூறு மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர் உயரும் மேட்டில், நிறுத்த வேண்டும் என்கிறது ஐ.நா.வின் 13ஆம் எண் பிரேக் விதி. இங்கே வெறும் வண்டியைப் பட்டறை வாசல் ஏற்றத்தில் நிறுத்திக் காட்டியதோடு சரி.

ஆகவே சுமைச் சோதனையை நாங்களே ஏற்காடு சாலையில் செய்தோம். கிளீனர் கட்டையுடன் சக்கரத்தருகே தயாராக நிற்க, ஓட்டுநர் கால்பிரேக்கை மெல்ல விட்டார். வண்டி அசையவில்லை, கைப்பிரேக்கிலும் இழுக்க இன்னும் சில பற்கள் மிச்சமிருந்தன. அதன் பிறகும் மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுக் கட்டை கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை. (கட்டைக்குப் பதிலாகக் கல் வைப்பவர்கள், கிளம்பும்போது அதை வளைவிலேயே விட்டுச் செல்லாமல் இருந்தால் இருசக்கர வண்டிக்காரர்கள் பிழைப்பார்கள்.)

புதிய கேபிள் ஓடத் தொடங்கியதும் சற்று நீளும் என்பதால், ஒரு முறை திரும்ப வந்து சரிபார்த்துக்கொள்ளுமாறு அவர்களே சொல்லியிருந்தார்கள். போனபோது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, கேபிளைச் சிறிது இறுக்கி, பிரீதரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூலி வாங்காமல் அனுப்பினார்கள்.