அடியா, கண்டுகொள்ளாமையா, பாராட்டா?

இரவு ஒன்பதரை. போனை வாங்கி வைத்துவிட்டதால் மூன்று வயது மகன் தரையில் புரண்டு அழுகிறான். நான் கையை ஓங்குகிறேன். "விடுங்க, தானா அடங்கிடுவான்" என்கிறாள் மனைவி. அதற்குள் என் அம்மா போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாகிவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உளவியலில் சொல்லும் எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வலுவூட்டல் எந்த வகையானாலும் நடத்தை கூடும், தண்டனையில்தான் குறையும். அழுததும் போன் கிடைத்தது, அதனால் நாளையும் அழுவான்: ஒன்று கிடைத்ததால் இது நேர்மறை. போனைக் கொடுத்ததும் அலறல் நின்றது, அதனால் பாட்டி நாளையும் கொடுப்பார்: ஒரு தொல்லை நீங்கியதால் இது எதிர்மறை. இவரை அவன் பழக்குகிறான், அவனை இவர் பழக்குகிறார்.

சரி, என் வழி. அடி உடனே வேலை செய்யும், அதன் கவர்ச்சியே அதுதான். நெம்புகோலை அழுத்தினால் தீனி என்று பழகிய எலிகளுக்குத் தீனியை நிறுத்திப் பார்த்தார் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். சில எலிகளுக்கு மட்டும், ஆரம்பத்தில் அழுத்தும்போதெல்லாம் காலில் ஒரு தட்டு விழுந்தது. அவை கொஞ்ச நேரம் அடங்கின. தட்டு நின்றதும் மறுபடி அழுத்தி, மொத்தக் கணக்கில் மற்ற எலிகளை எட்டிவிட்டன. 1938இல் வெளியான சோதனை இது. தண்டனை மிகக் கடுமையாக இருந்தால் நீடித்து அடக்கும் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. அவ்வளவு கடுமையை மூன்று வயதுப் பிள்ளையிடம் யார் காட்டுவது?

மனைவியின் வழிக்கு நல்ல சாட்சி உண்டு. 1959இல் வில்லியம்ஸ் என்பவர் 21 மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார். படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தால் கத்தும். திரும்பிப் போகாமல் விட்டார்கள். முதல் தடவை 45 நிமிடம் அழுதது. பத்தாவது தடவைக்குள் சிரித்துக்கொண்டே படுத்தது. ஒரு வாரம் கழித்து அந்த வீட்டு ஆன்ட்டி (அத்தையோ சித்தியோ, ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றுதான்) மனசு கேட்காமல் அறைக்குத் திரும்பிப் போனார். மறுபடி முதலிலிருந்து!

இந்த முறையின் ஓட்டை இதுதான். அழுகை அடங்குவதற்கு முன் சில சமயம் ஒருமுறை உச்சத்துக்கு ஏறும். அந்த நேரம் பார்த்து ஒருவர் இரங்கினால், இன்னும் சத்தமாக அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். எப்போதாவது மட்டும் கிடைப்பது பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடும். லாட்டரிச் சீட்டு வாங்குபவரைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது வழி, அழுகையை விட்டுவிட்டு, அதற்குப் பதில் வரவேண்டிய நடத்தையைப் பிடித்துக்கொள்வது. கேட்டதும் போனைக் கொடுத்தானா? அந்த நொடியே, "கேட்டதும் குடுத்துட்டியே!" பொத்தாம்பொதுவாக 'குட் பாய்' போதாது. பரிசிலும் கவனம் வேண்டும். ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபின் அவர்களின் ஆர்வம் குறைந்ததை உளவியலாளர் லெப்பரும் அவர் சகாக்களும் 1973இல் காட்டினார்கள்.

பாட்டி இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். மனசைக் கல்லாக்கிக்கொள் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. கதை சொல்லு என்று சொல்லலாம். இப்போது போனைக் கொடுத்தால் பாட்டி மடியில் கதை. இரண்டு வாரமாகிறது. நேற்று கேட்பதற்கு முன்பே போனைக் கொண்டுவந்து நீட்டினான். கதைதான் பத்தரை வரை முடியவில்லை.