டாடி, எம்எஸ்பிரைம், ஸ்லிம்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஓர் இனத்தொகையின் மரபணு வேறுபாடுகளை வைத்து அதன் வரலாற்றைப் படிக்கும் இனத்தொகை மரபியலில் புதிதாக வேலை தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: தரவுக்கு மாடலைப் பொருத்தும் டாடி போதுமா, இயற்கைத் தேர்வையும் சேர்த்துச் சிமுலேஷன் ஓட்டும் ஸ்லிம்மும் கற்றுக்கொள்ள வேண்டுமா? மக்கள்தொகை வரலாற்றை மட்டும் கணிக்க டாடி போதும். ஒரு மரபணுவில் இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது என்று எழுதப் போகிறீர்கள் என்றால் போதாது.

டாடி, ரயன் குட்டென்குன்ஸ்ட் குழு 2009இல் வெளியிட்ட பைத்தான் மென்பொருள். ஒவ்வொரு திரிபும் (ஆளுக்கு ஆள் டி.என்.ஏ.வில் உள்ள வேறுபாடும்) மாதிரியில் எத்தனை குரோமோசோம்களில் இருக்கிறது என்று எண்ணி அடுக்கினால் அலைவெண் நிரல் கிடைக்கும். மக்கள்தொகை சுருங்கியது, பிரிந்தது, பெருகியது என்று நாம் ஒரு மாடலைக் கொடுத்தால், அப்போது நிரல் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுத் தரவோடு ஒப்பிடும். இரண்டு இனத்தொகைகள் என்றால் மடிக்கணினியிலேயே ஓடும். மூன்றாவது சேர்ந்தால் காத்திருக்க வேண்டும்.

மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் லைக்லிஹுட் எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் எச்சங்களின் படம், அதாவது மாடலுக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசத்தை நிறத்தில் காட்டும் படம். சிவப்பும் நீலமும் கலந்து சிதறிக் கிடந்தால் நல்லது. ஒரு மூலையில் ஒரே நிறம் திரண்டிருந்தால் மாடலில் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஒற்றை இனத்தொகை நிரலில் வலது ஓரத்தைக் கவனியுங்கள். இறங்கி வந்த கோடு கடைசியில் மேலே வளைந்தால் அது தேர்வின் தடயமாக இருக்கலாம். சிம்பன்சியோடு ஒப்பிடும்போது மூதாதை அல்லீலை (திரிபுக்கு முன்பிருந்த பழைய வடிவத்தை) தவறாகக் குறித்தாலும் அதே வளைவு வரும், ஏனென்றால் அரிதான திரிபு தலைகீழாக எண்ணப்பட்டு, ஏறக்குறைய எல்லாரிடமும் இருப்பதாகத் தெரியும். இந்தப் பிழைக்கென்றே ஒரு அளவுருவைச் சேர்க்கலாம், அல்லது எது பழைய வடிவம் என்று பார்க்காமல், அரிதான வடிவத்தை மட்டும் எண்ணி நிரலை மடித்துவிடலாம். நான் இரண்டு விதமாகவும் ஓட்டி, மற்ற அளவுருக்கள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்ப்பேன்.

ஆண்டுக்கணக்கு தனி விஷயம், அதற்குச் சடுதிமாற்ற வீதம் வேண்டும். டாடியின் 2009 கட்டுரை அந்த வீதத்தை ஒரு தலைமுறைக்கு 100 கோடி டி.என்.ஏ. தளங்களில் சுமார் 23 என்று எடுத்துக்கொண்டது. பெற்றோர்-குழந்தை மரபணுத்தொகுதிகளை நேரடியாக ஒப்பிட்டபோது கிடைத்தது சுமார் 12. வீதம் பாதியானால் ஆண்டுகள் இரட்டிக்கும், ஆனால் தரவோடு உள்ள பொருத்தம் துளியும் மாறாது.

2010இல் வந்த திபெத்திய ஆய்வை இதற்காகவே மாணவர்களிடம் படிக்கச் சொல்வேன். 50 திபெத்தியர், 40 ஹான் சீனர். இருவரும் பிரிந்தது 2,750 ஆண்டுகளுக்கு முன்புதான் என்றது பொருத்திய மாடல். பீடபூமியில் மனிதர்கள் அதற்கு வெகு முன்பே குடியேறிவிட்டார்கள் என்று தொல்லியலாளர்கள் மறுத்தார்கள். ஆனால் உயரமான இடத்தின் குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழகுவதோடு தொடர்புள்ள இபாஸ்1 மரபணுவில் ஒரு திரிபு திபெத்தியரிடம் 87 சதவீதம், ஹானிடம் 9 சதவீதம். தேதி ஆட்டம் கண்டாலும், இங்கே தேர்வு நடந்தது என்ற முடிவு நின்றது. அந்த டி.என்.ஏ. துண்டு, அழிந்துபோன டெனிசோவன் மனிதர்கள் வழி வந்தது என்று 2014இல் தெரிந்தது. வரலாறும் தேர்வும் ஒரே கட்டுரையில் வந்தாலும், அவற்றைத் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

ஸ்லிம்மின் இடம் அங்கேதான். அரிதான திரிபுகள் மிகுந்தால் எதிர்மறையாகும் டஜிமா டி என்ற அளவு, மக்கள்தொகை பெருகினாலும் எதிர்மறையாகும், ஸ்வீப் (சாதகமான திரிபு தேர்வால் வேகமாகப் பரவுவது) நடந்தாலும் ஆகும். அதனால் பொருத்திய வரலாற்றில் தேர்வு இல்லாமல் ஒருமுறை, தேர்வோடு ஒருமுறை சிமுலேஷன் ஓட்டிப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. பிலிப் மெஸ்ஸர் தொடங்கி, பென் ஹாலர் வளர்த்தெடுத்த இந்த மென்பொருளின் கையேடு அற்புதமானது. மெதுவாக ஓடும் என்பது உண்மையான குறை. வேகப்படுத்த, இனத்தொகையைப் பத்தில் ஒன்றாக்கி, சடுதிமாற்றம், மறுசேர்க்கை, தேர்வுக் கெழு (தேர்வின் வலு) மூன்றையும் பத்தால் பெருக்குவது வழக்கம். தேர்வு வலுவாக இருக்கும்போது இந்தக் குறுக்குவழி முடிவையே மாற்றிவிடும். மூன்றாம் பதிப்பில், யார் யாருடைய வம்சம் என்பதைக் குறித்துவைக்கும் மரத்தொடர்ப் பதிவு வந்தபின் பாரம் குறைந்தது. தேர்வுக்கு ஆட்படாத நடுநிலைச் சடுதிமாற்றங்களைப் பின்னர், மாதிரியிலிருந்து பின்னோக்கி வம்சத்தைச் சிமுலேஷன் செய்யும் எம்எஸ்பிரைமில் தூவிக்கொள்ளலாம்.

எம்எஸ்பிரைமின் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் அதன் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக இருந்த ‘ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேற்றம்’ மாடலின் மிகப் பழைய காலப்பகுதியில் இடப்பெயர்வு பற்றிய பிழை இருந்ததையும், பல ஆய்வுகள் அதைப் பிரதியெடுத்ததையும் 2020இல் ராக்ஸ்டேல் குழு வெளிப்படையாக எழுதியது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது எந்த மாடலை எழுதினாலும் காலப்பகுதி வாரியான இடப்பெயர்வு அட்டவணையை அச்சிட்டு, கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். புதியவர்கள் ஸ்டாண்ட்பாப்சிம் தொகுப்பிலுள்ள மாடல்களில் தொடங்கலாம். அங்கே ஒவ்வொரு மாடலையும் இன்னொருவர் மூலக் கட்டுரையைப் பார்த்துத் தனியாக எழுதி ஒப்பிட்ட பிறகே ஏற்கிறார்கள்.