சிப்காட் எடை மேடை: மொத்த எடைக்கு நம்பலாம், ஆக்சில் எடைக்கு?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றி, வாலாஜா அல்லது பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வழியாகச் செல்லும் லாரிகள் வழக்கமாக ஒதுங்கும் தனியார் எடை மேடை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. நீண்ட டிரெய்லரும் முழுதாக நிற்கும் மேடை, மழைநீர் தேங்காத குழி, சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை, இரவிலும் பணியாள் என அடிப்படை வசதிகளில் குறை இல்லை. வெறும் வண்டி எடை, மொத்த எடை, நிகர எடை மூன்றும் அச்சான சீட்டு சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடுகிறது. கட்டணமும் நியாயமானதே.

குறை சீட்டில் இருக்கிறது: அதில் ஆக்சில் எடை இல்லை. வண்டியின் மொத்த எடைக்கு வரம்பு உள்ளதைப் போல ஒவ்வொரு ஆக்சிலுக்கும், அதாவது இரு பக்கச் சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வொரு அச்சுக்கும், தனி வரம்பு உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்பது 11.5 டன்னாகவும், இரட்டை ஆக்சிலுக்கு 19 டன் என்பது 21 டன்னாகவும் ஆனது. பத்துச் சக்கர வண்டியில் உப்பிட்ட தோலையோ ரசாயனப் பீப்பாய்களையோ பின்பக்கம் சாய அடுக்கினால், மொத்த எடை சரியாக இருக்கும்போதே பின் ஆக்சில்கள் வரம்பைத் தாண்டக்கூடும். சாலையைக் கெடுப்பதும் ஆக்சில் எடைதான்: சேதம் ஆக்சில் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று பொறியாளர்கள் கையாளும் விதிப்படி, அந்த எடை 20 சதவீதம் கூடினாலே சேதம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்.

ஓடும் வண்டியை ஆக்சில் ஆக்சிலாக எடைபோடும் கருவிகள் சுங்கச்சாவடிகளுக்கு வரத் தொடங்கியபின், இத்தகைய மேடைகளுக்கு இனி வேலை இல்லை என்று சிலர் சொல்வதை ஏற்க இயலவில்லை. வண்டி குலுங்கினாலும், ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாலும் ஓடும்போது எடுத்த அளவு மாறும். ஆகவே அக்கருவி சந்தேகத்துக்குரிய வண்டியைப் பிரித்துக் காட்டலாமே தவிர, தீர்ப்பு நிறுத்தி எடைபோடும் மேடையில்தான் கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் நற்பதிவுள்ள நிறுவனங்களின் லாரிகள் மின்னணுப் பட்டையைக் காட்டி எடை நிலையத்தைக் கடந்துவிடுகின்றன, ஆனாலும் நிலையங்களை அங்கே மூடிவிடவில்லை. 2021 பிப்ரவரி முதல் சுங்கக் கட்டணத்துக்கான மின்னணுப் பட்டையான ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்ட நம் நாட்டிலும் அந்த ஏற்பாடு எட்டாததன்று.

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகையை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். இவ்வளவு பணம் தொங்கும்போது, லோடு ஏற்றிய இடத்திலேயே ஆக்சில் எடை தெரிய வேண்டும். புதிய இயந்திரம் கூட அதற்குத் தேவையில்லை: அணுகுபாதை சமதளமாக இருந்தால், முன் ஆக்சிலை மட்டும் ஏற்றி ஒருமுறையும் முழு வண்டியை ஏற்றி ஒருமுறையும் பார்த்துக் கழித்தாலே பின் ஆக்சில்களின் எடை ஓரளவு தெரிந்துவிடும். கூட்டம் இல்லாத வேளையில் கேட்டால் இங்கே அதைச் செய்கிறார்கள். ஆனால் கணினி அதை அச்சிடாததால், சீட்டின் பின்புறம் பேனாவால் எழுதித் தருகிறார்கள். லோடைச் சரிசெய்ய அது உதவும். சோதனை அதிகாரியிடம் நீட்ட உதவாது.