ஏசிங்க்ஐஓவில் எழுதிய சாட் சர்வர்: நீண்ட நாள் ஓட்டியபின் தோன்றுவது

பைத்தானின் ஏசிங்க்ஐஓவை (ஒரே நிரலில் பல இணைப்புகளை மாறிமாறிக் கவனிக்க உதவும் நூலகம்) வைத்துச் சாட் சர்வர் எழுதலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் வேகம் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். வேகத்தில் குறையே இல்லை. வெறும் எழுத்து மட்டும் போய்வரும் சாட்டுக்கு ஒரே த்ரெட் (ஒற்றை இயங்குசரடு) தாராளம். லினக்ஸில் அடியில் வேலை செய்வது இபோல் (எந்த இணைப்பில் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் இயங்குதள வசதி) என்பதால், நூற்றுக்கணக்கான இணைப்புகள் சும்மா கிடந்தாலும் சிபியு அலட்டிக்கொள்வதில்லை. தொல்லை வேறிடத்தில்: வந்ததைப் படிக்காமல் இருக்கும் ஒரே ஒரு கிளையன்ட் (சர்வரோடு இணைந்திருக்கும் பயனர் நிரல்).

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வரி வரியாகப் படிக்கும் ரீட்லைன்() அருமையான வேலை. இணைப்பைச் சுமக்கும் நெறிமுறையான டிசிபி அனுப்புவது பைட்டுகளின் ஓட்டம். செய்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. வெறும் சாக்கெட்டில் 1024 பைட்டாகப் படித்தால் தமிழில் உடனே அடி விழும். எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 341 குறியீடு போக ஒரு பைட் மிஞ்சும், அங்கேயே டீகோட் (பைட்டை எழுத்தாக்குவது) வெடிக்கும். ரீட்லைன்() வரி முடியும்வரை சேர்த்துவைத்துத் தருகிறது. வரிமுடிவு பைட்டான 0x0A வேறெந்த எழுத்தின் நடுவிலும் வராது. அதனால் வரியாக வெட்டியபின் டீகோட் செய்தால் எழுத்து உடையவே உடையாது. வரியின் உச்சவரம்பு இயல்பாக 64 கேபி. அதைத் தாண்டினால் வேல்யூஎரர் என்ற பிழை வரும், அதைப் பிடித்து ஆளை வெளியேற்றுங்கள். பழைய சாட் நெறிமுறையான ஐஆர்சியின் 512 பைட் வரம்பில் வரிமுடிவும் கட்டளையும் போக 170 தமிழ்க் குறியீடுகூடத் தேறாது என்பதை நினைத்தால், இது பெரிய விடுதலை.

இனி டிரெயின்(). ரைட்() உடனே போகாததைப் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) போடும், டிரெயின்() அது வடியக் காத்திருக்கும். ரைட்() அழைத்ததும் டிரெயின்()-ஐ அவெயிட் செய் (முடியும்வரை காத்திரு) என்கிறது ஆவணம். வந்ததை அனுப்பியவருக்கே திருப்பித் தரும் எக்கோ சர்வருக்கு அது சரி. அதே இரண்டு வரியை அப்படியே எல்லோருக்கும் அனுப்பும் லூப்புக்குள் போட்டால் அறை முழுவதும் ஒரு ஆளின் கையில் மாட்டிக்கொள்ளும். அவர் பஃபர் 64 கேபியைத் தாண்டினால் டிரெயின்() காத்திருக்கும்; 16 கேபிக்கு இறங்கும்வரை லூப் அங்கேயே நிற்கும், அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்குச் செய்தி போகாது. டிரெயின்()-ஐ எடுத்துவிட்டாலோ பஃபர் வரம்பில்லாமல் வளர்ந்து ராமைத் தின்னும். எரிச்சல் என்னவென்றால், நாலு பேர் வைத்துச் சோதிக்கும்போது இது தலைகாட்டவே காட்டாது. கெர்னலின் (இயங்குதள மையத்தின்) பஃபரும் இந்த 64 கேபியும் நிரம்ப ஆயிரக்கணக்கான செய்திகள் வேண்டும்; கூட்டம் சேர்ந்த நாளில்தான் வரும்.

வரவழைத்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு டெர்மினலில் என்சியால் (டிசிபி இணைப்புக்கான சிறு கருவி) இணைந்து, கண்ட்ரோல்-இசட் அழுத்தி அதை நிறுத்திவையுங்கள். இன்னொன்றிலிருந்து, ஒரே வரியை முடிவில்லாமல் அச்சிடும் யெஸ் கட்டளையை என்சிக்குள் பைப் செய்து வெள்ளமாக அனுப்புங்கள். சாட்டில் இணைந்த மூன்றாவது ஜன்னல் நொடிகளில் உறைந்துபோகும். நிறுத்திவைத்த அந்த இணைப்பு தானாக அறுந்தும் போகாது: கிளையன்ட் பக்கத்துக் கெர்னல் 'இடமில்லை, பொறு' என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பதால் டிசிபிக்கு அது உயிருள்ள இணைப்பு.

தீர்வு, ஆளுக்கொரு க்யூ (செய்தி வரிசை), ஆளுக்கொரு எழுதும் டாஸ்க் (தனியாக ஓடும் வேலை). க்யூவுக்கு 200 செய்தி வரம்பு வையுங்கள். அனுப்பும் லூப், காத்திருக்காமல் க்யூவில் போடும் புட்_நோவெயிட்() மட்டும் செய்யட்டும், அதற்குள் அவெயிட்டே கூடாது. க்யூ நிரம்பி க்யூஃபுல் பிழை வந்தால் அந்த ஆளை நீக்குங்கள். லூப் சுற்றிக்கொண்டிருக்கும் ஆட்களின் செட்டிலிருந்தே நீக்கினால் ரன்டைம்எரர் வரும், அதனால் நகலெடுத்த லிஸ்ட்டில் சுற்றுங்கள். எழுதும் டாஸ்க்கில் டிரெயின்()-ஐ வெயிட்_ஃபார்()-க்குள் வைத்து 20 நொடி கெடு கொடுங்கள். கெடு தாண்டினால் க்ளோஸ்() போதாது. அது மிச்சமிருக்கும் பஃபரை அனுப்பி முடித்துத்தான் மூடும், அந்த ஆளோ படிக்கப்போவதில்லை. பஃபரை வீசிவிட்டு உடனே மூடும், டிரான்ஸ்போர்ட்டின் அபார்ட்()தான் வேண்டும். டாஸ்க்கை ஒரு செட்டில் பிடித்துவையுங்கள். டாஸ்க்குகளை ஓட்டும் ஈவென்ட் லூப் அதை வலுவாகப் பிடிப்பதில்லை, பாதியிலேயே காணாமல் போகலாம்.

பேட்டரி செத்த போன் தனி வகை. மறுமுனை இருக்கிறதா என்று விசாரிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் முதல் விசாரணைக்கே 2 மணி நேரம் எடுக்கும், அதையும் நாம்தான் இயக்கவேண்டும். கிளையன்ட் 30 நொடிக்கொரு பிங் அனுப்பட்டும். 90 நொடி எதுவும் வராவிட்டால் துண்டியுங்கள். பெயர்களை என்எஃப்சிக்கு (யூனிகோடின் ஒரு சீரான வடிவத்துக்கு) மாற்றியபின் ஒப்பிடுங்கள்: 'கொ'வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்தும் தட்டலாம், அதை வைத்து ஒரே பெயரில் இருவர் உள்ளே வந்துவிடுவார்கள். டெர்மினலுக்குக் கட்டளையிடும் எஸ்கேப் குறிகளையும் வடிகட்டாமல் விடாதீர்கள், அடுத்தவர் டெர்மினலையே அழித்துவிடலாம்.

நியாயமாகப் பார்த்தால் இதெல்லாம் டிசிபியின் இயல்பு. த்ரெட்டில் எழுதினாலும், முழுவதும் அனுப்பும்வரை காத்திருக்கும் சென்ட்ஆல்() இதே இடத்தில்தான் நிற்கும், கோ மொழியிலும் ஆளுக்கொரு சேனல் (க்யூ போன்றது) வைத்துத்தான் ஆகவேண்டும். ஏசிங்க்ஐஓவின் குற்றம், ஒழுங்காகத் தோன்றும் அந்த ரைட்(), டிரெயின்() இரண்டு வரியைக் கையில் கொடுத்துவிட்டு, பலருக்கு அனுப்பும்போது என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டதுதான். என் சர்வர் இப்போது கண்ட்ரோல்-இசட் சோதனையில் அசையாமல் ஓடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அடுத்த சர்வரை இதில் எழுத மாட்டேன்.