போனா, திருகா? குட்டி ரயிலுக்கு மூன்று வயர்லெஸ் வழிகள்

1926-ல் வந்து 1986-ல் நின்றுபோன மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதையை, கும்பகோணத்து வீட்டு ரேழியில் எட்டுக்கு நாலு பிளைவுட்டில் எச்ஓ அளவில், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்காக, போட்டிருக்கிறேன். அசல் மீட்டர் கேஜுக்கு 1:87-ல் 12 மி.மீ. அகலத் தண்டவாளம் வேண்டும், நான் போட்டது 16.5. திருக்கடையூர் ஸ்டேஷன் அழகில் மயங்குகிறவர்கள் அதை அளப்பதில்லை.

குட்டி எஞ்சின்களை டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறைதான் டிசிசி. அதில் கையிலிருந்து கட்டளைப் பெட்டி வரைதான் வயர்லெஸ். அங்கிருந்து கட்டளையும் மின்சாரமும் தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். ஐப்பசி ஈரத்தில் தண்டவாளம் மங்கிக் கிடந்தபோது எஞ்சின் விக்கி விக்கி ஓட, நான் இரண்டு நாள் வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது.

முதல் வழி டிசிசி-இஎக்ஸ், கட்டளைப் பெட்டியை நாமே செய்துகொள்வது. அர்டுயினோ மெகா என்ற குட்டிக் கணினிப் பலகை, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் மோட்டார் ஷீல்டு, ஒரு இஎஸ்பி8266 வைஃபை சில்லு. சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும், மென்பொருள் இலவசம். ஒரே எச்சரிக்கை: ஷீல்டிலிருந்து மெகாவுக்கு மின்சாரம் போகும் விஐஎன் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் தண்டவாளத்துக்கான வோல்டேஜைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மெகா போய்விடும். போனில் எஞ்சின் டிரைவர் செயலி போட்டால் வால்யூம் பட்டனிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

இரண்டாவது, நண்பர் ஒரு வாரம் இரவல் தந்த ரோகோ இசட்21 கட்டளைப் பெட்டி, கூடவே டபிள்யூலேன்மவுஸ் என்ற வைஃபை கைக்கருவி. விலை கையைக் கடிக்கும். ஆனால் அந்த மவுஸில் வேகத்துக்கென்று ஒரு திருகு குமிழ் இருக்கிறது, கட்டை விரல் பட்டாலே போதும். யார்டில் நிற்கும் பெட்டியோடு எஞ்சினைக் கோக்கும்போது கண் கொக்கியிலேயே இருக்க வேண்டும். போனில் ஓட்டினால் கண் திரைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டி இடிபட்டுத் தடம் புரண்டிருக்கும், எனக்கு ஒரே மாலையில் நாலு தடவை. வால்யூம் பட்டனாவது பரவாயில்லை, விரலால் திரையைத் தள்ளுவது கூடவே கூடாது.

மூன்றாவது ஹார்ன்பியின் எச்எம்7000. எஞ்சினுக்குள் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சில்லான டிகோடருக்குள்ளேயே புளூடூத் இருப்பதால் கட்டளை நேரே எஞ்சினுக்குப் போகிறது, கட்டளைப் பெட்டியே வேண்டாம், தண்டவாளத்துக்கு 15 வோல்ட் டிசி போதும். ஒரே எஞ்சின் என்றால் இதுதான் சுலபம். என்னிடம் ஐந்து, ஐந்திலும் டிகோடர் மாற்றக் கட்டுப்படியாகாது.

கரண்ட் போய் வருவதுதான் எங்கள் ஊரில் பெரிய பரீட்சை. இசட்21 உடனே விழித்துவிட்டது, அதன் ரவுட்டர் எழுந்து வரத்தான் நேரமானது. டிசிசி-இஎக்ஸ் தானே வைஃபை கொடுக்கிறது, அதனால் ரவுட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதில் இன்டர்நெட் இல்லை என்று போன் சத்தமில்லாமல் வீட்டு வைஃபைக்குத் தாவிவிடுகிறது. வீட்டு வைஃபையை மறக்கச் சொன்ன பிறகுதான் அடங்கியது. கரண்ட் திரும்பியதும் இதில் தண்டவாள மின்சாரத்தை நாமே போட வேண்டும், அது நல்லதுதான், எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடாது. தூரத்தைச் சோதிக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றம் தாண்டிக் கிணற்றடி வரை நடந்தேன், வைஃபை இரண்டும் தாங்கின, புளூடூத் மட்டும் சமையலறைச் சுவரிலேயே விட்டுவிட்டது. அடுப்படியிலிருந்து யார் ரயில் ஓட்டப் போகிறார்கள், அதனால் இதற்கு மார்க் குறைக்கவில்லை.

மவுஸைத் திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. ஆனாலும் நான் எடுத்திருப்பது டிசிசி-இஎக்ஸ்தான். திருகு மட்டும் கேட்கிறது கை. இஎஸ்பி32-ல் திருகும் விசைப்பலகையும் வைத்துச் செய்துகொள்ளும் விட்கன்ட்ரோலருக்குப் பாகங்கள் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை வால்யூம் பட்டன்தான்.