ஆண்டுக்கு ஒரு லட்சம் கொடுப்பவர் எந்தச் சங்கத்தில் சேரலாம்?

பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுனிலோ ஒருவர் கொஞ்சம் வசதியாகிவிட்டார் என்று ஊருக்குத் தெரிந்தால் போதும், 'புரவலராக இணையுங்கள்' என்று வீடு தேடி வந்துவிடுவார்கள். ஒரு லட்சம் கொடுத்தால் வைரப் புரவலர், ஐம்பதாயிரம் என்றால் தங்கம். கொடுக்கிற மனம் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

பெருங்கொடையாளர்களைத் தனி வட்டமாகச் சேர்த்துவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் நன்றாக வேரூன்றியது. அங்கே யுனைடெட் வே என்ற ஊர்நல நிதி அமைப்பு 1984 இல் தொடங்கிய டோக்வில் சங்கத்தில் சேர, ஆண்டுக்குக் குறைந்தது 10,000 டாலர் தர வேண்டும். நமக்கு இது புதுமையே இல்லை. நெல்லையப்பர் கோயில் திருவிழாவில் இன்ன நாள் மண்டகப்படி இன்னாருடையது என்று இருப்பதும் அதே ஏற்பாடுதான். அந்த நாளை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

நம் முன்னால் இருக்கும் நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலில் ரோட்டரி, லயன்ஸ் போன்ற உலகளாவிய சேவைச் சங்கங்கள். ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தால் பால் ஹாரிஸ் ஃபெலோ என்ற பட்டம். லயன்ஸில் அதே தொகைக்கு மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. ரோட்டரியில் 10,000 டாலரைத் தொட்டால் பெருங்கொடையாளர், இரண்டரை லட்சம் டாலருக்கு ஆர்ச் கிளம்ப் சங்கம். பணம் உலக நிதிக்குப் போய்விடுகிறதே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். ரோட்டரியின் ஆண்டு நிதிக்குக் கொடுப்பதில் ஏறத்தாழப் பாதி, மூன்று ஆண்டுகள் கழித்து அந்தந்த ரோட்டரி மாவட்டத்தின் திட்டங்களுக்கே திரும்பி வருகிறது. உலக அளவில் செய்த வேலைக்கும் கணக்கு உண்டு. 1985 இல் தொடங்கிய போலியோ ஒழிப்பு வேலைக்குப் பலன், 2014 இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. தணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேட்டையில் ஒரு பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால், இந்த வழி சுற்றுவழி.

அடுத்தது ஊர் அறக்கட்டளைகளின் புரவலர் வட்டம். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

ஆண்டு விழா அழைப்பிதழை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. உள்ளே புரவலர்கள் பெயர்கள் எறும்பு ஊர்வதுபோல் அச்சாகியிருக்கும். பெயர் யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்பதில் சண்டையே வந்திருக்கிறது. பிறகு மேடை, பொன்னாடை, கேடயம், மதியம் பந்தி. இந்தச் செலவு எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று ஒரு விழாவில் கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, முதல்ல சாப்பிடுங்க" என்றார். பதில் இன்றுவரை வரவில்லை. அடுத்த ஆண்டு அழைப்பிதழ் மட்டும் தவறாமல் வந்தது.

இதில் செயலாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அமைப்பே அப்படி. அறக்கட்டளை என்பது பத்திரத்தில் பெயருள்ள அறங்காவலர்கள் நடத்துவது. பத்திரத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, புரவலருக்கு வாக்கும் இல்லை, கணக்கைக் கேட்டு வாங்கும் இடமும் இல்லை. 'வரிவிலக்கு உண்டு' என்பதையும் நிறுத்திக் கேளுங்கள். பழைய வரிமுறையில், 80ஜி என்று சொல்லப்படும் கொடைக்கான வருமான வரிக் கழிவு பெரும்பாலும் கொடையில் பாதிக்குத்தான். அதாவது 30 சதவீத வரி கட்டுபவர் ஒரு லட்சம் கொடுத்தால், செஸ் சேர்த்து மிச்சம் 15,600 ரூபாய். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. ஆகவே ரொக்கமாகவே கேட்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாவது, 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கத்தில் ஆயுள் உறுப்பினர் ஆவது. பொன்னாடை குறைவு. ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூடியாக வேண்டும், வரவு செலவை அங்கே வைக்க வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எழுந்து கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். பணம் கட்டுமுன் துணைவிதியை வாங்கிப் படியுங்கள். சில சங்கங்கள் 'புரவலர்' என்ற வகையை வாக்கில்லாமல் வைத்திருக்கும், உறுப்பினருக்கே வாக்கு. ஊரோடு இருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். கொடுத்தவர்களே நடத்துவது இந்தச் சீமைக்குப் பழக்கமானதும்கூட: 1903 இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம்மவர் காணிக்கையில் நம்மவரே நடத்துவது என்றுதான் புறப்பட்டது.

தேவாலய அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் எடுப்பவரையும், மேலப்பாளையத்தில் ஆண்டுக் கணக்குப் பார்த்து இரண்டரை சதவீதம் ஜகாத் பிரித்துவைப்பவரையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு உறுப்பினர் அட்டை தேவைப்படவில்லை.

கடைசியாகக் கட்டளை. கோயில் அன்னதானத்துக்கோ பள்ளிப் பரிசுக்கோ முதலை வைப்புநிதியில் போட்டு, வட்டியில் தர்மம் நடத்துவது. சென்னையிலும் துபாயிலும் இருக்கும் நெல்லைக்காரர்களுக்கு ஏற்றது; பொதுக்குழுவுக்கு ஓடி வர வேண்டாம். சிக்கல் வட்டியில்தான். ஒரு லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். இன்றைக்கு நூறு பேருக்குத் தலைக்கு 70 ரூபாய்ச் சாப்பாடு. பத்து ஆண்டு கழித்தும் அதே 7,000தான் வரும், அரிசி விலை அதே இடத்தில் நிற்காது. பழைய கட்டளைகளை நிலமாக எழுதிவைத்தவர்கள் விவரமானவர்கள். நெல் விலை ஏறினால் வருமானமும் ஏறும், குத்தகை பாக்கி விழாத வரைக்கும். இப்போது வைப்பவர்கள், வட்டியில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். முதல் ஆண்டுப் பந்தி கொஞ்சம் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான்.